எங்களுக்கு ஒரு தேதி சொல்லுங்கள்: ஆயுள் சிறைவாசிகளின் விடுதலைக் கோப்பில் கையெழுத்திடுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆயுள் சிறைவாசி ஒருவரை முன்கூட்டி விடுதலை செய்யலாமா கூடாதா என்று முடிவு சொல்லும் இடத்தில் இருக்கும் அமைச்சர்களுக்கும், உள்துறை, சிறைத்துறை அதிகாரிகளுக்கும், அறிவுரைக் கழக உறுப்பினர்களுக்கும்,

போன மாதம் ஒரு உத்தரவின் நகல் என் கைக்கு வந்தது. என் அண்ணனோடு ஒரே பிளாக்கில் 11 வருஷம் இருந்த ஒரு பெரியவருடையது. அவருக்கு வயது 69. 2003ல் உள்ளே போனவர். முன்விடுதலை கேட்ட அவருடைய மனுவுக்கு வந்த பதிலில் காரணம் என்று இருந்தது ஒரே ஒரு வரி. விடுதலை செய்தால் சமூக அமைதிக்குப் பங்கம் ஏற்பட வாய்ப்புள்ளதால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது என்று.

அந்த வரியை எங்கேயோ படித்த மாதிரி இருந்தது. பெட்டியைத் திறந்து 2022ல் என் அண்ணனுக்கு வந்த உத்தரவை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே வரி. ஒரு சொல் மாறவில்லை. ‘ஏற்பட’ என்பதில் ஒரு ப் கூடுதலாக விழுந்த தட்டச்சுப் பிழைகூட அப்படியே இருக்கிறது. பெயரும் கைதி எண்ணும் தேதியும் மட்டும்தான் வேறு.

நானும் ஒரு அலுவலகத்தில் கோப்பு எழுதிப் பிழைப்பவள்தான். பழைய உத்தரவைத் திறந்து பெயரை மாற்றி அச்செடுப்பது எப்படி நடக்கும், எவ்வளவு சீக்கிரம் நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் இந்த மடலை எழுதுகிறேன். ஒரு மனிதர் இன்னும் எத்தனை வருஷம் உள்ளே இருக்க வேண்டும் என்பது அப்படி முடிவாகக் கூடாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் நிரபராதி இல்லை. வாய்க்கால் தண்ணீர் பாய்ச்சுவதில் வந்த சண்டையில் ஒரு உயிர் போனது, போனது அண்ணன் கையால். இறந்தவர் எங்களுக்குச் சித்தப்பா முறை. அவர் மடியில் உட்கார்ந்து நான் திருவிழா பார்த்திருக்கிறேன். அண்ணனுக்குத் தண்டனை கொடுத்தது தவறு என்று எங்கள் வீட்டில் யாரும் ஒரு நாளும் சொன்னதில்லை. நாங்கள் கேட்டதெல்லாம், எத்தனை நாள் என்பதைத்தான்.

2008 மே மாதம் தீர்ப்பு வந்த அன்று வக்கீல் அம்மாவிடம், “ஆயுள்னா பதினாலு வருஷம்மா, நல்லபடியா நடந்துக்கிட்டா பத்துல வந்துடலாம்” என்றார். அம்மா 14 பொங்கலை எண்ணி மனதில் வைத்துக்கொண்டார். ஊரில் இன்றைக்கும் எல்லாரும் அப்படித்தான் நம்புகிறார்கள். சட்டம் அப்படி இல்லை என்பது எங்களுக்குத் தெரிய ரொம்ப வருஷம் ஆனது. 1961லேயே உச்ச நீதிமன்றம் கோபால் கோட்சே வழக்கில் சொல்லிவிட்டது, ஆயுள் தண்டனை என்றால் உயிர் இருக்கும் வரை, அரசு குறைத்தால்தான் உண்டு என்று. 14 வருஷம் என்பது 1978ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433ஏ பிரிவாக வந்தது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக இப்போது இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 475. மரண தண்டனைக்கும் வழியுள்ள குற்றத்தில் ஆயுள் தண்டனை பெற்றவரை அதற்கு முன் விடக்கூடாது என்பதுதான் அந்தப் பிரிவு. 14 முடிந்ததும் விட்டாக வேண்டும் என்று அதில் எங்கேயும் இல்லை. ஆனால் அரசியல் சட்டத்தின் 161வது பிரிவில் ஆளுநர் வழியாகச் செய்தால் அந்த 14ம் தடையில்லை என்று 1980ல் மாரு ராம் வழக்கில் வந்துவிட்டது. அதாவது 7 வருஷத்திலும் விடலாம், 27 வருஷம் ஆனாலும் விடாமல் இருக்கலாம், இரண்டுமே சட்டப்படி சரி. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்களைப் போன்ற குடும்பங்கள் உட்கார்ந்திருக்கின்றன.

அண்ணன் உள்ளே போய் 4 மாதம்தான் ஆகியிருந்தது, 2008 செப்டம்பரில் அண்ணா நூற்றாண்டு வந்தது. 7 வருஷம் முடித்த ஆயுள் சிறைவாசிகள் என்று 1,405 பேரை மாநிலம் முழுக்க விட்டார்கள். அண்ணன் பிளாக்கிலிருந்து ஆட்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு போவதைக் கண்ணால் பார்த்தார். சரி, 7 வருஷம்தான் போல என்று நினைத்துவிட்டார். அடுத்த மனுவில் (சிறைக்குப் போய் நேரில் பார்ப்பதை மனுப் பார்ப்பது என்போம்), கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, “2015ல வந்துருவேம்மா” என்றார். 2015 வந்தது, ஒன்றும் நடக்கவில்லை. அதற்கு அப்புறம் எம்.ஜி.ஆர். நூற்றாண்டு. 2018 பிப்ரவரி 25 அன்று 10 வருஷம் முடித்திருக்க வேண்டும் என்று அரசாணை. விசாரணைக் காலத்தில் ரிமாண்டில் இருந்த 58 நாளையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அண்ணனுக்கு 18 நாள் குறைவு. அவ்வளவுதான், பட்டியலில் பெயர் இல்லை.

18 நாளில் ஒரு மனிதர் திருந்துவதும் இல்லை, கெடுவதும் இல்லை. அந்த 18 நாள் அவருக்கு 6 வருஷத்தைத் தின்றது. அந்த விடுதலைகளை நான் குறை சொல்லவில்லை, ஒவ்வொரு முறையும் எத்தனையோ வீடுகளில் விளக்கு எரிந்தது, அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் உள்ளே இருப்பவர் என்ன செய்தார், எப்படி மாறினார், யாரிடம் திரும்பிப் போகப் போகிறார் என்பதைப் பார்த்து விடுதலை வர வேண்டும். ஒரு தலைவரின் பிறந்த நாள் எந்த வருஷம் வருகிறது என்பதைப் பார்த்து வரக்கூடாது.

முடிவு தெரியாத தண்டனை வெளியே இருப்பவர்களை என்ன செய்யும் என்று உங்கள் கோப்பில் எழுத இடமில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். அண்ணன் உள்ளே போனபோது அவர் மகளுக்கு வயது 2. அண்ணி 6 வருஷம் காத்திருந்தார். ஒரு நாள் அம்மாவிடம் வந்து உட்கார்ந்து, “அத்தே, இன்னும் பத்து வருஷம்னு யாராச்சும் எழுதிக் குடுத்தாக்கூட இருந்துருவேன், எதுவுமே தெரியாம எப்படி இருக்குறது” என்று கேட்டார். அம்மாவிடம் பதில் இல்லை. அண்ணி பிறகு வேறு வாழ்க்கை அமைத்துக்கொண்டார், நாங்கள் யாரும் அவரைத் தப்பாக நினைக்கவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள், அண்ணன் எப்போ வருவார் என்று. தெரியாது என்று சொல்வதற்கும் மறைப்பதற்கும் அவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

உள்ளே இருப்பவருக்கு அது இன்னும் மோசம். 5 வருஷத் தண்டனைக்காரர் சுவரில் கோடு போடலாம். நன்னடத்தைக்குக் கிடைக்கும் தண்டனைக் கழிவு நாட்களைக் கணக்குப் போட்டு, இத்தனாம் தேதி வெளியே என்று வீட்டுக்குக் கடிதம் எழுதலாம். ஆயுள் சிறைவாசிக்குக் கழிவு எழுதினாலும் அதை எதிலிருந்து கழிப்பது என்று தெரியாது. அண்ணன் வெளியே வந்த பிறகு ஒரு நாள் சொன்னார், உள்ளே போன முதல் சில வருஷம் எண்ணிக்கொண்டிருந்தாராம், அப்புறம் எண்ணுவதை நிறுத்திய வருஷம்தான் தண்டனையே ஆரம்பித்த மாதிரி இருந்ததாம்.

2022 நிராகரிப்புக்குக் காரணம் என்ன என்று தெரிந்துகொள்ள நான் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். இரண்டு மேல்முறையீடு, 9 மாதம். கடைசியில் ஒரு காவல் நிலையத்திலிருந்து போன அறிக்கை கிடைத்தது. எதிர்த் தரப்பினர் கடும் ஆட்சேபம் தெரிவிக்கிறார்கள், சட்டம் ஒழுங்குப் பிரச்சினை வரும் என்று அதில் இருந்தது. எதிர்த் தரப்பு என்றால் சித்தி, இறந்தவரின் மனைவி. அவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போய் அப்போதே 8 வருஷம் ஆகிவிட்டது. ஊரில் அந்த வீடு பூட்டிக் கிடந்தது. அவர்களை யாரும் தேடிப் போகவில்லை, கேட்கவும் இல்லை. பூட்டிய வீட்டின் பெயரில் ஆட்சேபம் எழுதப்பட்டிருந்தது.

அந்த அறிக்கையில் இல்லாதது எது தெரியுமா? அண்ணன் நாலு முறை விடுப்பில் வீட்டுக்கு வந்து போயிருந்தார். அப்பா இறந்தபோது வழிக்காவலோடு வந்தார். மற்ற மூன்று முறையும் காவல் இல்லாமல், 1982ஆம் ஆண்டு தண்டனை நிறுத்த விதிகளின்படி சாதாரண விடுப்பில் வந்தார். ஒவ்வொரு முறையும் கடைசி நாள் மத்தியானமே பஸ் ஏறி, சாயங்காலம் தானே சிறை வாசலில் போய் நின்றார். ஊரில் ஒரு சின்ன வாக்குவாதம்கூட இல்லை. எப்போது வெளியே வருவோம் என்றே தெரியாத ஒருவர் காவல் இல்லாமல் வீட்டில் இருந்துவிட்டுத் தானாகத் திரும்பிப் போகிறார் என்றால், அவர் ஆபத்தானவரா இல்லையா என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. அதைப் பற்றி ஒரு வரிகூட அறிக்கையில் இல்லை.

உயர் நீதிமன்றத்துக்குப் போனோம். மறுபடியும் பரிசீலிக்கச் சொன்னார்கள். 2024ல் அண்ணன் வந்தார். வழக்குக்குச் செலவழிக்க எங்களால் முடிந்தது, நகையை வைத்து முடிந்தது. நான் முன்னால் சொன்ன பெரியவருக்கு மனைவி இறந்துவிட்டார், பிள்ளை இல்லை. அவருக்காகத் தகவல் உரிமை மனுப் போடவும் ஆள் இல்லை, வைப்பதற்கு நகையும் இல்லை. அவர் வழக்கில் கொலைப் பிரிவோடு இன்னொரு பிரிவும் சேர்ந்திருந்ததால் நூற்றாண்டு விடுதலையிலும் பெயர் வரவில்லை.

இதையெல்லாம் நான் மட்டும் சொல்லவில்லை, நீதிமன்றங்களே சொல்லிவிட்டன. 2000லேயே லக்ஷ்மண் நாஸ்கர் வழக்கில், முன்விடுதலைக்கு எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரிசையாகச் சொன்னது. குற்றம் சமூகத்தைப் பாதிக்காத தனிப்பட்ட செயலா, மறுபடி செய்ய வாய்ப்பு இருக்கிறதா, குற்றம் செய்யும் நிலையை அவர் தாண்டிவிட்டாரா, இனியும் உள்ளே வைத்திருப்பதால் ஏதாவது பயன் உண்டா, குடும்பத்தின் நிலை என்ன. இந்த ஐந்தில் ஒன்றுக்காவது அந்த ஒற்றை வரி உத்தரவில் பதில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது. தண்டனைக் குறைப்புக்கு ஒரு கொள்கை இருந்தால், தகுதியான ஒவ்வொருவரையும் அவர் மனுப் போடாமலேயே அரசு பரிசீலிக்க வேண்டும், கொள்கை இல்லாத மாநிலங்கள் இரண்டு மாதத்தில் உருவாக்க வேண்டும், முடிவுக்கான காரணங்களைச் சுருக்கமாகவாவது பதிவு செய்ய வேண்டும், சிறைவாசிக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்று. பெயரை மட்டும் மாற்றிய வரி, பிழையோடு நகலெடுத்த வரி, காரணம் ஆகாது.

தாமதமும் ஒரு மறுப்புதான். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளன் உள்ளிட்ட ஏழு பேர் விஷயத்தில் 2018 செப்டம்பரிலேயே தமிழக அமைச்சரவை பரிந்துரை அனுப்பியது. ஆளுநர் மாளிகையில் அது இரண்டு வருஷத்துக்கு மேல் அசையாமல் கிடந்தது. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றமே அரசியல் சட்டத்தின் 142வது பிரிவில் தனக்குள்ள சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்திப் பேரறிவாளனை விடுவித்தது, அப்போது அவர் கைதாகி 31 வருஷம் நெருங்கியிருந்தது. அந்த வழக்கைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும் சரி, நாடே பார்த்துக்கொண்டிருந்த ஒரு கோப்பே இத்தனை நாள் தூங்க முடியும் என்றால், யாரும் பார்க்காத கோப்புகள் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 2019ஆம் ஆண்டின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி நாட்டில் தண்டனை பெற்று சிறையில் இருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஆயுள் சிறைவாசிகள். அவர்கள் ஏதோ விதிவிலக்கான சிலர் இல்லை.

இங்கிலாந்தில் நடந்ததையும் கொஞ்சம் பாருங்கள். பொதுமக்கள் பாதுகாப்புக்கான சிறைத்தண்டனை என்று 2005ல் ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். குறைந்தபட்சக் காலம் மட்டும் நீதிபதி சொல்வார், அதற்கு அப்புறம் ஆபத்து இல்லை என்று பரோல் வாரியத்திடம் நிரூபித்தால்தான் விடுதலை. இரண்டு வருஷம் என்று கேட்டுவிட்டு உள்ளே போனவர்கள் பத்து, பதினைந்து வருஷம் ஆகியும் வெளியே வரவில்லை. திருந்தியதைக் காட்ட வேண்டிய பயிற்சி வகுப்புகளில் இடமே கிடைக்கவில்லை, வகுப்பு முடிக்காததால் விடுதலையும் இல்லை. அப்படி வைத்திருந்தது முறையற்றது என்று 2012ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொன்னது. அதே வருஷம் அந்தத் தண்டனையையே ஒழித்தார்கள், ஆனால் ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு அந்த ஒழிப்பு பொருந்தாது என்று விட்டுவிட்டார்கள். அதைக் கொண்டுவந்த அமைச்சர் டேவிட் பிளங்கெட்டே பிற்பாடு வருந்திப் பேசினார். உள்ளேயே நம்பிக்கை இழந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் பலர். நம்முடைய சட்டம் வேறு, குற்றம் வேறு. ஆனால் எப்போது என்று தெரியாமல் ஒரு மனிதரை வைத்திருந்தால் என்ன ஆகும் என்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

இனி, விடுதலையான பிறகு நடப்பது. தேதி தெரியாததால் வரும் கெடுதல் சிறை வாசலோடு முடிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். எப்போது விடுவோம் என்று உங்களுக்கே தெரியாததால் அவரை யாரும் வெளியே போகத் தயார் செய்வதில்லை. நாங்களும் தயாராக இருக்க முடிவதில்லை.

அண்ணனுக்குச் சாயங்காலம் நாலு மணிக்குச் சொன்னார்கள். ஏழரைக்கு வெளியே விட்டார்கள். வீட்டுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே போன் நம்பர் பக்கத்து வீட்டு லேண்ட்லைன், அந்த லைனை எடுத்தே 10 வருஷம் ஆகிறது. கையில் ஒரு பை, விடுதலைச் சான்று ஒரு தாள், உள்ளே உழைத்ததில் மிச்சம் கொஞ்சம் பணம். பஸ் ஸ்டாண்டில் படுத்து, காலையில் முதல் பஸ் பிடித்து, நிறுத்தம் மாறிப் போனது தெரியாமல் எங்கேயோ இறங்கி மூன்று கிலோமீட்டர் நடந்து வந்தார். அம்மா கோலம் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு, “யாருப்பா வேணும்?” என்று கேட்டார்.

அவர் உள்ளே போன அன்று சட்டைப் பையில் இருந்த 500 ரூபாய் நோட்டு இரண்டை அம்மா ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தார், வந்ததும் கொடுக்க வேண்டும் என்று. அது 2016லேயே செல்லாமல் போனதை அவரிடம் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

அவர் போகும்போது ஆதார் என்று ஒன்று நாட்டிலேயே கிடையாது. ரேஷன் கார்டிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள், வாக்காளர் பட்டியலிலும் இல்லை. ஆதார் எடுக்க முகவரிச் சான்று கேட்டார்கள், முகவரிச் சான்றுக்குப் போனால் ஆதார் கேட்டார்கள். ஒரு வங்கியில் அந்த விடுதலைச் சான்றை நீட்டியபோது கவுண்டரில் இருந்தவர் அதைப் படித்துவிட்டு நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார்ந்தார். அதை அண்ணன் பார்த்தார். அன்றிலிருந்து அந்தத் தாளை யாரிடமும் காட்ட மாட்டேன் என்கிறார். சொந்த நாட்டில், சொந்த ஊரில், நான்தான் நான் என்று நிரூபிக்க அவருக்கு 7 மாதம் ஆனது.

உள்ளே அவர் பேக்கரியில் 7 வருஷம் வேலை செய்தார். நல்ல வேலைக்காரர், பிரெட் அவர் கையில் பஞ்சு மாதிரி வரும். அதற்கென்று ஒரு சான்றிதழ் கிடையாது. ஒரு பேக்கரியில் வேலை கேட்டபோது எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்றார்கள், உண்மையைச் சொன்னார், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அப்புறம் ஒரு ஓட்டலில் பரோட்டா மாஸ்டருக்குக் கையாள் வேலை. மூன்றாவது மாதம் விசாரணை என்று சீருடையில் இருவர் கடைக்கே வந்தார்கள், மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில். அடுத்த வாரம் மறுபடியும். முதலாளி நல்ல மனிதர்தான், ஆனால் கணக்கைத் தீர்த்துக் கொடுத்துவிட்டார். மாதாமாதம் நிலையத்தில் கையெழுத்துப் போட அண்ணன் ஒரு நாளும் தவறியதில்லை. அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் யாரும் தேடி வரவில்லை.

இதற்குள் இன்னொன்று நடந்தது. அதைச் சொல்லாமல் இந்த மடலை நான் முடிக்க முடியாது.

போன வருஷம் கோயில் திருவிழாவுக்குச் சித்தி திருப்பூரிலிருந்து வந்திருந்தார். டீக்கடை வாசலில் அண்ணனைப் பார்த்துவிட்டார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார், அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. சாயங்காலம் நான்தான் சித்தியைப் போய்ப் பார்த்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. “எங்கிட்ட யாரும் சொல்லவே இல்லையேம்மா. விடக்கூடாதுன்னு நான் சொன்னதா எழுதிக்கிட்டாங்களாமே, எங்கிட்ட யாரு வந்து கேட்டா? விடும்போதாச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல” என்றார். அவர் பெயரை வைத்து மறுத்தார்கள், அவரைக் கேட்காமலே விட்டார்கள். அண்ணன் உள்ளே இருந்த 16 வருஷமும் அவருக்கும் தேதி தெரியாது. என் அம்மாவுக்கு நடந்த அதே அநியாயம்தான் அவருக்கும் நடந்தது, அவருக்கு இழப்பும் சேர்ந்து.

2002 குஜராத் கலவரத்தில் கூட்டு வன்கொடுமைக்கு ஆளான பில்கிஸ் பானுவின் வழக்கில் தண்டனை பெற்ற 11 பேரை குஜராத் அரசு விட்டதை 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது உங்களுக்குத் தெரியும். அந்த விடுதலையைப் பற்றி முன்கூட்டி ஒரு வார்த்தை பில்கிஸிடம் யாரும் சொல்லவில்லை. விதி இல்லாத தயவு ஒரு பக்கம் தகுதியானவரை உள்ளேயே அழுக விடும், இன்னொரு பக்கம் பாதிக்கப்பட்டவரின் முகத்தில் அறையும். விதியும் காரணமும் தேதியும் கேட்பது சிறைவாசி குடும்பங்களுக்காக மட்டும் இல்லை, சித்திக்காகவும்தான்.

சரி, நாங்கள் கேட்பது இவைதான்.

முதலாவது, தேதி. ஆயுள் தண்டனையோடு ஒருவர் உள்ளே வரும் வாரத்திலேயே, அவருடைய கோப்பு முதன்முதலில் எந்த மாதம், எந்த வருஷம் பரிசீலனைக்கு வரும், அதற்குள் அவர் என்னென்ன செய்திருக்க வேண்டும் என்று தமிழில் ஒரு தாளில் எழுதி அவரிடமும் வீட்டிலும் கொடுங்கள். விடுதலைத் தேதியைக் கேட்கவில்லை, பரிசீலனைத் தேதியைக் கேட்கிறோம். அந்தத் தேதியில் அவர் மனுப் போட்டாலும் போடாவிட்டாலும் அறிவுரைக் கழகம் கூடியாக வேண்டும். மறுத்தால் அடுத்த தேதியும் அந்த உத்தரவிலேயே இருக்க வேண்டும், ஒரு வருஷத்துக்கு மேல் போகக்கூடாது. விழாக்கால விடுதலைகள் இருந்தால் இருக்கட்டும், ஆனால் அவற்றை மட்டும் நம்பி யாரும் இருக்கும் நிலை வேண்டாம்.

அடுத்து, காரணம். மறுக்கும் ஒவ்வொரு உத்தரவிலும் அந்த மனிதரைப் பற்றிய காரணம் இருக்க வேண்டும், அவருடைய நடத்தை, விடுப்பில் போய் வந்த விவரம், உடல்நிலை, செய்த வேலை எல்லாம் அதில் வர வேண்டும். எதை அடிப்படையாக வைத்து மறுத்தீர்களோ அந்த அறிக்கைகளின் நகலைக் கேட்காமலேயே கொடுங்கள். காவல் நிலைய அறிக்கை மட்டும் போதாது. நன்னடத்தை அலுவலர் இரண்டு வீட்டுக்கும் நேரில் போக வேண்டும், பாதிக்கப்பட்டவர்கள் எந்த ஊருக்குப் போயிருந்தாலும் தேடிப் பார்த்துப் பேச வேண்டும், பேசிய தேதியையும் அவர்கள் சொன்னதையும் எழுத வேண்டும். அவ்வளவு தூரம் போக நன்னடத்தை அலுவலர்கள் எண்ணிக்கை போதாது என்றால் கூட்டுங்கள். விடுதலை முடிவானதும் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்.

விடுதலைக்கு ஆறு மாதம் முன்பிருந்து தயாரிப்பு வேண்டும். ஆதார், வங்கிக் கணக்கு, ரேஷன் கார்டில் பெயர் எல்லாம் உள்ளே இருக்கும்போதே முடித்துக் கொடுங்கள். உள்ளே செய்த வேலைக்கு, சிறை என்ற சொல் இல்லாத, தொழிற்பயிற்சித் துறையின் சான்றிதழ் கொடுங்கள். மருந்துச் சீட்டுகளைக் கையில் கொடுத்தனுப்புங்கள். காலையில் விடுங்கள், வீட்டுக்கு முதல் நாளே சொல்லுங்கள். யாரும் இல்லாதவர்களுக்கு, முக்கியமாக வயதானவர்களுக்கும் பெண்களுக்கும், முதல் மூன்று மாதம் தங்க ஒவ்வொரு மத்திய சிறை ஊரிலும் ஒரு விடுதி வேண்டும். விடுதலையானவர்களுக்கு உதவ ஏற்கெனவே இருக்கும் சங்கத்துக்கு நிதியைக் கூட்டி, அதன் முகவரியையும் போன் நம்பரையும் விடுதலைச் சான்றின் பின்பக்கமே அச்சிடுங்கள். சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் பங்க், பேக்கரி, கடைகளில் வேலை பார்த்தவர் விரும்பினால் வெளியே வந்த பிறகும் முழுச் சம்பளத்தில் அந்த வேலையில் தொடர வழி செய்யுங்கள்.

வெளியே வந்தவரைக் கண்காணியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரே ஒரு நன்னடத்தை அலுவலர் பொறுப்பில் இருக்கட்டும். வேலை செய்யும் இடத்துக்குச் சீருடையில் போகக்கூடாது என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள். நிபந்தனைகள் தெளிவாக இருக்கட்டும். ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும் என்பது போன்ற, யார் எப்படி வேண்டுமானாலும் அர்த்தம் சொல்லக்கூடிய நிபந்தனை செல்லாது என்று 2024ல் உச்ச நீதிமன்றம் ஒரு குஜராத் வழக்கில் சொல்லிவிட்டது. அண்ணனுக்குக் கொடுத்த தாளில் அப்படி ஒரு வரி இன்னும் இருக்கிறது.

கடைசியாக, அந்தப் பெரியவரின் கோப்பு. போன மாத உத்தரவைத் திரும்பப் பெற்று, 30 நாளுக்குள் மறுபடி எடுங்கள். அவருடைய வயதையும், சிறை மருத்துவமனையில் இருக்கும் அவருடைய பதிவேட்டையும், 22 வருஷ நடத்தைக் குறிப்பையும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். அவருக்கு வீடு இல்லை என்பது காரணமாக இருந்தால் எங்கள் வீட்டு முகவரியை எழுதிக்கொள்ளுங்கள், பத்திரத்தில் கையெழுத்துப் போட நானும் அண்ணனும் வருகிறோம், வாக்குமூலம் எந்த நாள் கேட்டாலும் தருகிறோம். சனிக்கிழமைதோறும் அவர் அண்ணனுக்குப் போன் செய்கிறார். உத்தரவில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குப் படித்துக் காட்டியாகிவிட்டது, இப்போது அவர் கேட்பது அடுத்து எப்போது பார்ப்பார்கள் என்று மட்டும்தான். வரும் சனிக்கிழமைக்குள் சொல்ல முடியாது என்று எங்களுக்குத் தெரியும். 30 நாளுக்குள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
16 வருஷம் மனுப் பார்த்த ஒரு தங்கை